இல்லமும் பின்னல் ஊசியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சங்க ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. அந்த மரபினைப் புலமை மிக்க அன்பர்கள் எனக்கு முன்னரே செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். நானோ மெட்ரிகுலேஷன் வரை படித்து, இரயில்வே அலுவலகத்தில் பேரேடும் பட்டியலும் எழுதிப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுவதே எனக்கு அழகு. எனவே, நம் காலனி வீடுகளில் பகல் உணவுக்குப் பின், பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்ட வேளையில், இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டைக் கம்பளி நூலும் கொண்டு ஓசையின்றி நடைபெறும் பின்னல் வேலையைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகிறேன்.

"ஸ்வெட்டர் பின்னுவது மேடையில் பேசத் தகுந்த பொருளா?" என்று சிலர் புன்னகை செய்யலாம். செய்யட்டும். நம் வீட்டுப் பெண்மக்களின் கைவேலையை நாம் வேலையென்று எண்ணுவதே இல்லை. "சும்மா உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறாள்" என்றுதான் சொல்கிறோம். அந்தச் 'சும்மா' என்னும் சொல்லை எடுத்துவிடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நம் ஊரின் தட்பவெப்பத்தை நினைவிற் கொள்ளுங்கள். நம்மிற் பலர் நெல்லையிலும் மதுரையிலும் தஞ்சையிலும் பிறந்தவர்கள். அங்கே கம்பளிக்கு வேலை ஏது? பெங்களூரோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த நகரம். 1884 ஜனவரியில் இங்கே குளிர் 7.8 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியதாக வானிலைக் குறிப்பு இருக்கிறது. இன்று அத்துணைக் குளிர் இல்லை. ஆயினும் மார்கழி விடியலில் பள்ளிக்குப் புறப்படும் குழந்தைக்கும், இரவு வேலை முடிந்து யார்டிலிருந்து திரும்பும் தொழிலாளிக்கும் கழுத்திலும் மார்பிலும் ஒரு காப்பு வேண்டியிருக்கிறது. குடிபெயர்ந்து வந்த நம் தாய்மார்கள் இங்கே புதிதாகக் கற்ற கலைகளுள் இது ஒன்று.

என் இல்லத்தரசியார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். திருமணமாகி இந்நகருக்கு வந்த முதல் ஆண்டில் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரிடம் பின்னல் கற்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு துணிப்பை கதவருகே தொங்குகிறது. அதற்குள் நூலும், ஊசிகளும், ஓர் அளவு நாடாவும், ஒரு துண்டுப் பென்சிலும் இருக்கும். வைகறையில் எழுந்து தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்துக் கோலமிட்டு, சிற்றுண்டி ஆக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் என்னை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு, துணி துவைத்து, பகல் சமையலை முடிக்கும்வரை அந்தப் பையைத் தொட நேரமிராது. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் கிடைக்கும் ஒரு மணி நேரமே அவருக்குரியது. அந்த ஒரு மணி நேரத்தையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நமக்காகவே செலவிடுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிற்க. பின்னல் என்பது யாது? தறியில் நெய்யும் துணிக்குப் பாவு, ஊடை என இரண்டு நூல்கள் வேண்டும். அவை குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பின்னலுக்கோ ஒரே நூல் போதும். அந்த ஒரு நூலைக் கண்ணி கண்ணியாக வளைத்து, ஒரு வரிசைக் கண்ணிகளுக்குள் மறு வரிசைக் கண்ணிகளை இழுத்துவிடுவதே முழுவதும். கண்ணி நெளிந்து கொடுப்பதனால் பின்னிய ஆடை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். உடலோடு ஒட்டி நிற்பதும் அதனாலேதான்.

இதில் இரண்டே எழுத்துகள்தாம் உண்டு. ஒன்று 'பிளெயின்', மற்றொன்று 'பர்ல்'. ஒரு கண்ணியை முன்னிருந்து பின்னாக இழுத்தால் ஒன்று, பின்னிருந்து முன்னாக இழுத்தால் மற்றொன்று. பிளெயினும் பர்லும் மாறி மாறி வந்தால் இடுப்பிலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் 'பார்டர்' அமைகிறது. பின்னல் புத்தகங்களில் இவை ஆங்கிலச் சுருக்கெழுத்தால் வரிவரியாக அச்சிடப்பட்டிருக்கும். பெங்களூர் நகர நிலையத்தை 'எஸ்.பி.சி.' என்று இரயில்வேக்காரர் சுருக்கிப் படிப்பதுபோல, எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மையார் அந்தச் சுருக்கெழுத்துகளைத் தட்டுத் தடங்கலின்றிப் படிக்கிறார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டு வரிசைக் கணக்கும் வைக்கிறார். ஊசியின் கணக்கும் வேடிக்கையானது. எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். பார்டருக்குப் 12-ஆம் எண், உடற்பகுதிக்குப் 10-ஆம் எண் என்று மாற்றிக்கொள்வார்கள்.

கணக்கெழுதுவது என் தொழில். ஆகையால் இந்த வேலையையும் ஒரு நாள் கணக்கிட்டுப் பார்த்தேன். எட்டு வயதுச் சிறுவனுக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய நூலில் ஓர் அங்குல அகலத்துக்கு 7 கண்ணிகளும், ஓர் அங்குல உயரத்துக்கு 9 வரிசைகளும் வரும். முதுகுப் பகுதி 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம். எனவே 98 கண்ணிகள், 144 வரிசைகள், பெருக்கினால் 14,112. முன்பகுதிக்கும் அவ்வளவே கொண்டால் 28,224. கை ஒன்றுக்குச் சராசரியாக 70 கண்ணிகளும் 108 வரிசைகளும் கொண்டால் 7,560. இரண்டு கைகளுக்கு 15,120. ஆக மொத்தம் 43,344. கழுத்துக்கும் கைக்குழிக்கும் கழித்தாலும் 40,000-க்குக் குறையாது.

நிமிடத்துக்கு 20 கண்ணிகள் வீதம் பின்னினால் 2,000 நிமிடங்கள். அதாவது 33 மணி 20 நிமிடம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே கிடைக்குமானால் 34 நாட்கள். அதன் பின்னரே துண்டுகளை இணைப்பதும் பொத்தான் வைப்பதும். இந்த மணிக்கணக்கை நம்மில் யாரேனும் எந்தப் பேரேட்டிலாவது வரவு வைத்ததுண்டா?

கணக்கைச் சொன்னதும் எதிர்க்கணக்கு ஒன்று எழும். என் மகனே அதை எழுப்பினான். "இவ்வளவு நேரம் ஏன் அம்மா கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? குளிர்காலத்தில் திபெத்தியர் கடையில் போய் வாங்கிவிடலாமே!" என்றான். கேள்வி நியாயமானதே. கடைச் சட்டையின் விலையும், நல்ல நூல் வாங்க ஆகும் பணமும் இன்று ஏறத்தாழச் சமமாகிவிட்டன. சில வேளைகளில் நூலே விலை கூடுதல். பணம் மிச்சமாகும் என்பதற்காகப் பின்னும் காலம் போய்விட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பின்னல் எதற்கு? அவனுடைய தாயார் வாயால் விடை சொல்லவில்லை. பெட்டியிலிருந்து ஒரு பழைய பச்சை ஸ்வெட்டரை எடுத்து வந்தார். அது எங்கள் மூத்த பெண்ணுக்கு நான்கு வயதில் பின்னப்பட்டது. அவளுக்குச் சிறிதாகிப்போனதும் ஓரத் தையலைப் பிரித்து, கடைசியாக முடித்த முனையிலிருந்து நூலை இழுத்தார். வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. நான் இரு கைகளையும் நீட்டி உட்கார்ந்திருக்க, என் கைகளில் சுற்றி நூலைச் சிட்டமாக்கினார். சிட்டத்தை நான்கு இடங்களில் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அலசி, அடியில் சிறு கனம் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினார். சுருள் விழுந்திருந்த நூல் மீண்டும் நேரானது. குறைந்த நூலுக்கு மஞ்சள் நூல் சேர்த்துக் கோடுகளிட்டுப் பின்னியதே மகன் மூன்று ஆண்டுகள் அணிந்த அந்தச் சட்டை. இப்போது அதுவும் அவனுக்குச் சிறிது. "இதைப் பிரித்து அப்பாவுக்குக் கழுத்துப் பட்டை பின்னப் போகிறேன். கையை நீட்டு" என்றார். பையன் மறுபேச்சின்றி உட்கார்ந்து கைகளை நீட்டினான்.

அன்பர்களே! கடைச் சட்டை சிறிதானால் அதன் ஆயுள் முடிந்தது. கையால் பின்னியது அவ்வாறன்று. ஒரே நூல் ஒரு வீட்டில் மூவருக்குப் பயன்படுகிறது. வாங்கிய பொருளை எறியக் கற்கும் குழந்தை ஒன்று. பிரித்து மீண்டும் ஆக்கலாம் என்று கற்கும் குழந்தை மற்றொன்று. இரண்டாம் பாடத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

நூலைப் பற்றியும் ஒரு சொல். ஆட்டுக் கம்பளி இயல்பாகவே நெளிந்து வளர்வது. அந்த நெளிவுகளுக்கிடையே காற்று தங்கிவிடுகிறது. உடற்சூடு வெளியேறாமல் காப்பது அக்காற்றே. அதன் இழையைப் பெருக்காடியில் வைத்துப் பார்த்தால் மீனின் செதிள்போல் அடுக்கடுக்காகத் தோன்றும். கொதிநீரில் போட்டுத் தேய்த்தால் செதிள்கள் ஒன்றோடொன்று கொக்கியிட்டுக்கொண்டு ஆடை சுருங்கிவிடும். ஆகவே கம்பளியைத் தேய்க்காமல், முறுக்காமல் அலச வேண்டும். இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது 'அக்ரிலிக்' என்னும் செயற்கை நூல். துவைக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் தீப்பட்டால் அது உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் சால்வையைப் போர்த்துக்கொண்டு எரியும் அடுப்பின் அருகே நிற்க வேண்டாம் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நூல் வேலை என்றால் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு எங்கள் தென்பகுதி வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1820-களில் நாகர்கோவிலில் பாதிரியார் மால்ட் அவர்களின் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், பள்ளிச் சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். பின்னர் அவர்தம் மகளும், கால்டுவெல் அவர்களின் துணைவியாருமான எலைசா அம்மையார் அக்கலையை நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவியது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிப் பெற்ற கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றார்கள் என்று வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். ஊசிமுனையால் தளையை அறுத்த அப்பெண்களை நினைக்குந்தோறும், 'சும்மா பின்னுகிறாள்' என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.

நம் பெங்களூருக்கும் கம்பளிக்கும் உள்ள உறவும் பழையதே. 1884-இல் இங்கே தொடங்கப்பெற்ற கம்பளி, பருத்தி, பட்டு ஆலையே பின்னர்ப் 'பின்னி மில்' என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பலர் அங்கே வேலை செய்தனர். ஆலை இன்று இயங்கவில்லை. பெயர் மட்டும் அப்பகுதியில் நிலைத்திருக்கிறது. கொங்கு நாட்டுத் திருப்பூரில் இன்று கோடிக்கணக்கில் உருவாகும் பனியனும் பின்னல் துணியே. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். அதன் வழிவந்த எந்திரங்கள்தாம் நம் கைக்கண்ணியை மின்னல் வேகத்தில் போட்டுத் தள்ளுகின்றன. எந்திரம் கற்றது கையிடமிருந்தே என்பதை மறக்கலாகாது.

நாட்டுக்கு நெருக்கடி நேர்ந்தபோதும் இந்த ஊசிகள் சும்மா இருந்ததில்லை. 1962-இல் சீனப் போர் மூண்டபோது, பனிமலையில் நின்ற நம் போர்வீரர்களுக்காக நாடெங்கும் பெண்களும் பள்ளி மாணவியரும் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். 2016 ஜனவரியில் சென்னையில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். சுபஸ்ரீ நடராஜன் அம்மையார் தொடங்கிய ஒரு குழுவைச் சேர்ந்த பெண்கள், அவரவர் வீட்டிலிருந்தபடியே ஒற்றைக் கொக்கி ஊசியால் குரோஷா போர்வைத் துண்டுகளைப் பின்னினார்கள். அவற்றையெல்லாம் ஒன்றாக இணைத்தபோது பரப்பு 11,148.5 சதுர மீட்டர்! நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். உலகிலேயே மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் நூலார் அதனைப் பதிவு செய்தனர். அந்த இரண்டே முக்கால் ஏக்கரும் அடுக்களைக்கும் படுக்கைக்கும் இடையே கிடைத்த ஓய்வு நேரத்தில் விளைந்தது.

இனி, நம் வாழ்வோடு மிக நெருங்கிய ஒன்றைச் சொல்கிறேன். நாம் கன்னட மக்களோடு கலந்து வாழ்பவர்கள். என் மனைவிக்குப் பின்னல் கற்பித்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு அன்று கன்னடம் தெரியாது. ஆயினும் பாடம் தடைப்படவில்லை. நாம் 'நூல்' என்பதை அவர்கள் 'நூலு' என்கிறார்கள். நமக்கும் கம்பளி, அவர்களுக்கும் கம்பளி. நம் 'பால்' அவர்களிடம் 'ஹாலு' ஆவதும், நம் 'பூ' அவர்களிடம் 'ஹூவு' ஆவதும் நீங்கள் அறிந்ததே. அதே முறையில் நம் 'பிணை' என்னும் சொல் அவர்களிடம் 'ஹெணெ' ஆகிறது. பின்னல் வேலைக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'ஹெணிகெ'. இருவரும் ஒருவரையொருவர் 'அக்கா' என்றே அழைத்தனர். அச்சொல்லோ இரு மொழிக்கும் பொது.

1991-இலும் 2016-இலும் காவிரி நீர் காரணமாக இந்நகரில் நேர்ந்த மனக்கசப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தன, தடையுத்தரவு போடப்பட்டது. நாங்கள் கதவடைத்து அமர்ந்திருந்த அந்த வாரத்தில், கொல்லைப்புறக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அந்த அம்மையார், கையில் நூல் பையோடு நின்றார். "கழுத்து வளைவு சரியாக வரவில்லை, பாருங்கள் அக்கா" என்றார் கன்னடத்தில். முப்பது ஆண்டுகளாகப் பின்னியவருக்குக் கழுத்து வளைவு தெரியாதா? காவிரியைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மாலை விளக்கேற்றும்வரை அருகருகே அமர்ந்து பின்னினார்கள். அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார்.

இக்கலை பெண்களுக்கே உரியதென்று ஆடவர் ஒதுங்கவும் காரணமில்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரி நடுவே டாக்கிலே என்றொரு தீவு இருக்கிறது. அங்கே குல்லாய் பின்னுவோர் ஆடவரே. சிறுவர்கள் இளமையிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அத்தீவின் நூற்கலையை 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. ஆகவே நம் பையன்கள் ஊசி பிடித்தால் மீசை முளைக்காமல் போய்விடாது! பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படிபோல் வரிசை வரிசையாகக் கீழே இறங்கும். உடனே கண்டுகொண்டால் ஒரு கொக்கி ஊசியால் மேலே ஏற்றிவிடலாம். காணாமல் விட்டால் பாதி ஆடையைப் பிரிக்க வேண்டும். பொறுமையையும் கவனத்தையும் இதைவிட எளிதாகக் கற்பிக்கும் பள்ளி வேறு எது?

முடிவாக என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, வீட்டாருக்கு. பின்னுகின்ற தாய்க்கு நல்ல வெளிச்சமுள்ள ஓர் இடம் கொடுங்கள். வரிசை முடியும்வரை அவரைக் கூப்பிடாதீர்கள், எண்ணிக்கை தவறிவிடும். அவருடைய ஒரு மணி நேரம் அவருக்கே இருக்கும்படி, மாலைக் காபியையேனும் நாம் கலந்துகொள்வோம்.

இரண்டாவது, சங்கத்துக்கு. ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்போடு மாதம் ஒரு முறை கைவேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தே கற்கட்டும். கற்பிக்க நம் காலனியிலேயே ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர்கள் கன்னடத்தவராயினும் அழைப்போம். அடுத்த ஆண்டு விழாவில் இந்த மண்டப வாயிலில் ஒரு மேசை போட்டு, பின்னியவர் பெயரோடு அவர்தம் வேலைகளைக் காட்சிக்கு வைப்போம். பரிசுக் கோப்பை வேண்டுவதில்லை; பெயர் எழுதிய ஓர் அட்டை போதும்.

மூன்றாவது, ஊருக்கு. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு உடற்சூடு விரைவில் குறைந்துவிடும். தாயின் மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லாய் அணிவித்துக் காக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். ஒரு சிறு குல்லாய் பின்ன இரண்டு பிற்பகல்கள் போதும். எந்த நூல், எந்த அளவு என்று மருத்துவமனையாரை முன்னதாகக் கேட்டறிந்து, வீட்டுக்கு ஒன்றாக நம் சங்கத்தின் பெயரால் வழங்குவோம். எந்த மொழிக் குழந்தை அதை அணியும் என்று நாம் கேட்கப் போவதில்லை; அந்தக் குழந்தையும் நம்மைக் கேட்கப் போவதில்லை.

 நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பின் வரிசையில் இரண்டு அம்மையார்கள் பின்னிக்கொண்டே கேட்டதைக் கண்டேன். அவர்களுக்கு என் தனி வணக்கம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.